வேக வாசிப்புச் செயலிக்கு நான் இழந்த 2,988 ரூபாய்

வாசிப்பு வேகத்தை மூன்று மடங்காக்கித் தருவதாகச் சொன்ன ஒரு கைப்பேசிச் செயலி, நான் அதை நீக்கி ஐந்து நாள் ஆன பிறகு என் வங்கிக் கணக்கிலிருந்து 2,988 ரூபாயை எடுத்துக்கொண்டது. புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரிவதைவிட அது வேலை செய்த விதம் தெரிவதுதான் பயன்படும் என்றும் நினைக்கிறேன். இதே அச்சில் வார்த்த செயலிகள் வேறும் இருக்கின்றன.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள், நாளிதழ்கள், நடப்பு நிகழ்வுத் தொகுப்புகள் என்று மேசையில் குவிந்திருந்த தாள்களுக்கும், அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய பின் எனக்குக் கிடைத்த இரண்டு மணி நேரத்துக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. அந்த நிலையில் “ஒரு மணி நேரத்தில் ஒரு புத்தகம்” என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் யாருக்கும் கை தானாகப் போகும். எனக்கும் போயிற்று.

செயலியைத் திறந்ததும் ஒரு சோதனை வைத்தார்கள். நில ஆவணத்தின் நடையில் எழுதப்பட்ட நீண்ட பத்தி, பொடி எழுத்து, வரிகளுக்கிடையே இடைவெளியே இல்லை. என் வேகம் நிமிடத்துக்கு 164 சொற்கள் என்றும், இது சராசரிக்கு மிகக் கீழே என்றும் சிவப்பு எழுத்தில் காட்டியது. ஒன்பது நாள் பயிற்சிக்குப் பின் அடுத்த சோதனை வந்தது. இம்முறை 512. அன்று மாலை நான் அடைந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த இரண்டாவது பத்தி, நம் வீடுகளில் பேசத் தெரிந்த குழந்தைகள் எல்லாம் சொல்லும் பாட்டி வடை சுட்ட கதை. பெரிய எழுத்து, சின்னச் சின்ன வாக்கியங்கள், மொத்தம் 96 சொற்கள். முடிவில் புரிதலை அளப்பதாக நான்கு கேள்விகள். கதையைக் காட்டாமலேயே என் மகளிடம் அவற்றைக் கேட்டேன், இரண்டாம் வகுப்பு படிக்கும் அவள் நான்குக்கும் சரியாக விடை சொல்லிவிட்டு, “அப்பா, இதுகூட உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

அதன் பிறகுதான் சந்தேகம் வந்தது. அதே சோதனையை மறுபடி திறந்து, ஒரு சொல்லையும் படிக்காமல் மூன்று நொடியில் “முடித்துவிட்டேன்” என்ற பொத்தானை அழுத்தினேன். நிமிடத்துக்கு 1,920 சொற்கள் என்று பாராட்டி ஒரு பதக்கமும் கொடுத்தது. அதாவது, செயலி அளந்தது என் வாசிப்பை அன்று. என் விரல் எப்போது பொத்தானைத் தொட்டது என்பதை மட்டுமே. முதல் சோதனையைக் கடினமாகவும் பின்வருவதை எளிதாகவும் அமைத்துவிட்டால் எந்தப் பயிற்சியும் இல்லாமலே யாருக்கும் முன்னேற்றம் தெரியும். ஆகவே இத்தகைய செயலியைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள், அதன் பத்திகளை ஒதுக்கிவிட்டு, தங்கள் பாடநூலிலேயே ஒரே தரத்தில் உள்ள இரண்டு பகுதிகளை எடுத்து, ஒன்றை முன்பும் மற்றொன்றைப் பின்பும் கடிகாரம் வைத்துப் படித்து, வேறொருவர் தயாரித்த கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்ப்பது நல்லது.

நான் அதைத் தாமதமாகவே செய்தேன். செயலியின் முக்கியமான உத்தி, திரையின் நடுவில் ஒவ்வொரு சொல்லாகப் பளிச்சிட்டு மறைய வைப்பது. 2014இல் அமெரிக்காவில் ஸ்பிரிட்ஸ் என்ற நிறுவனம் பரபரப்பாக அறிமுகப்படுத்திய முறையும் இதுவே. கண் அசைய வேண்டியதில்லை, பின்னால் திரும்பிப் போவது என்ற “கெட்ட பழக்கம்” ஒழிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். நெருக்கடி நிலை குறித்த பாடத்தை அந்த முறையில் ஒரே மூச்சில் ஓட்டி முடித்தேன். எல்லாம் புரிந்தது போலவே இருந்தது. மறுநாள் மாதிரித் தேர்வில், அரசமைப்புச் சட்டத்தின் 352ஆம் பிரிவின்கீழ் வரும் அறிவிப்புக்கு நாடாளுமன்றம் ஒரு மாதத்திற்குள் ஒப்புதல் தரவேண்டும், 356ஆம் பிரிவுக்கு இரண்டு மாதம் என்பதை அப்படியே மாற்றி எழுதினேன். இந்த வகைப் பாடத்தில் முந்தைய வரிக்குத் திரும்பிப் போய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் படிப்பதே. செயலி தடுத்தது அதைத்தான்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்க முடியாதபடி சொற்களை மறைத்தால் புரிதல் குறைகிறது என்று ஷாட்டர், டிரான், ரேனர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கீத் ரேனரும் சக ஆய்வாளர்களும் எழுதி 2016இல் வெளிவந்த விரிவான மதிப்பாய்வு, வேகத்துக்கும் புரிதலுக்கும் இடையே ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதைப் பெற முடியும் என்றும், வேகத்தைக் கட்டுப்படுத்துவது கண்ணைக் காட்டிலும் மொழித் திறனே என்றும் சொல்கிறது. மனத்துக்குள் உச்சரிப்பதை நிறுத்தச் சொல்லி இந்தச் செயலிகள் தரும் பயிற்சியும் அங்கே ஆதரவு பெறவில்லை. விளம்பரமும் புதிதன்று: 1998லேயே ‘மெகா ரீடிங்’ என்ற பயிற்சியின் தொலைக்காட்சி விளம்பரத்தில் சொல்லப்பட்டவை ஆதாரமற்றவை என்று, பொய் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்திருக்கிறது.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. செயலி எனக்கு வைத்த இலக்கு ஆங்கிலக் கணக்கு. ஆங்கிலத்தில் கட்டுரை வகை நூல்களை மௌனமாகப் படிக்கும் வேகம் நிமிடத்துக்குச் சராசரி 238 சொற்கள் என்று மார்க் பிரிஸ்பெர்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் கணித்தார். அங்கே ஆறேழு சொற்களாக நிற்பது இங்கே “வரவழைக்கப்பட்டிருந்தவர்களுக்கும்” என்று ஒரே சொல்லாக நிற்கும். இரண்டையும் ஒரே எண்ணால் அளப்பது, தேங்காயையும் நெல்லிக்காயையும் எண்ணிக்கை வைத்து விற்பது போன்றது. அந்த நெடுஞ்சொல்லுக்கும் “அது” என்ற சொல்லுக்கும் செயலி ஒரே கால அளவைக் கொடுத்தது. போதாக்குறைக்கு, சொல்லின் நடுவே ஓர் எழுத்தைச் சிவப்பாக்கிக் காட்ட முயன்று, மெய்யையும் உயிர்க்குறியையும் வெட்டிவிட்டதால், கொம்பும் காலும் தனியே கழன்று புள்ளி வட்டத்தோடு திரையில் நின்றன. தமிழை ஆதரிப்பதாக விளம்பரத்தில் எழுதியவர்கள் ஒரு பக்கத் தமிழையாவது அதில் ஓட்டிப் பார்த்தார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

இனி பணம். பதினான்கு நாள் இலவசம் என்றார்கள்; கணக்கைச் சரிபார்க்க மட்டும் ஒரு ரூபாய், அதுவும் திரும்பி வரும் என்றார்கள். வந்தது. ஆனால் அந்த ஒரு ரூபாய்க்காக நான் ரகசிய எண்ணை இட்டபோது ஒப்புக்கொண்டது, கணக்கிலிருந்து பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் யுபிஐ ஆட்டோபே உத்தரவு ஒன்றுக்கு. “மாதம் 249 ரூபாய்” என்பது பெரிய எழுத்தில் இருந்தது. அது ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக எடுக்கப்படும் என்பது சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்தது. பத்தாம் நாள் செயலியை நீக்கிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். செயலியை நீக்கினால் உத்தரவு நீங்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அனுப்ப வேண்டிய குறுஞ்செய்தி வந்தது உண்மைதான். ஆனால் அதில் செயலியின் பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு பணப்பட்டுவாடா நிறுவனத்தின் பெயர் இருந்ததால், பத்தோடு பதினொன்றாக அதையும் கடந்துவிட்டேன்.

வங்கியில் கேட்டபோது, “நீங்களே பின் போட்டு ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்களே சார்” என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து, அங்கே உயிரோடு இருந்த உத்தரவை ரத்து செய்து காட்டியவரும் அந்த வங்கி ஊழியரே. இதைப் படிப்பவர்கள் தங்கள் கைப்பேசியில் அந்தப் பகுதியை இன்றே ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறேன். என்னுடையதில் நான் மறந்தே போன வேறு இரண்டு உத்தரவுகளும் இருந்தன.

நிறுவனத்துக்கு நான்கு மின்னஞ்சல்கள் எழுதினேன். நான்குக்கும் ஒரே தானியங்கிப் பதில் வந்தது. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்தேன். இலவசச் சந்தா தருவதற்காகத் தானியங்கிப் பணப்பிடித்தத்துக்கு ஒப்புதல் தரும்படி கட்டாயப்படுத்துவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் சந்தா வலை என்றே வகைப்படுத்தித் தடை செய்திருப்பதைக் குறிப்பிட்டேன். மூன்று வாரம் கழித்து நிறுவனம் ஒரு மனிதர் எழுதிய பதிலை அனுப்பியது: பணம் திரும்பாது, வேண்டுமானால் சந்தாவை இன்னும் ஆறு மாதம் நீட்டித்துத் தருவார்களாம். நான் ஏற்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை என்பதால், இணையவழியில் மனு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். வங்கி அறிக்கையோடு முதல் இணைப்பாக வைத்திருப்பது, வடை சுட்ட கதையை நான் நிமிடத்துக்கு 1,920 சொற்கள் வேகத்தில் படித்ததாகப் பதக்கம் காட்டும் அந்தத் திரையின் படம்.