ஜாவா மாஸா, மாரிமோவா?

உரமும் கரியமில வாயுக் குழாயும் இல்லாமல் மீன்தொட்டியில் பசுமை வேண்டும் என்பவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுபவை பெரும்பாலும் ஜாவா மாஸும் மாரிமோ உருண்டையும்தான். முன்னது தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த உண்மையான மாஸ் (moss), அதாவது வேரில்லாத சிறு தாவரம். பின்னது, மாஸ் பந்து என்ற பெயரில் விற்கப்பட்டாலும், இழைகளாக வளரும் ஒரு பச்சைப்பாசி.

மாரிமோவின் வடிவம் ஏரி தந்தது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள அகான் ஏரியில், காற்று எழுப்பும் அலைகள் ஆழமற்ற அடித்தளத்தில் இப்பாசியைத் தொடர்ந்து உருட்டுவதால், எல்லாப் பக்கமும் வெளிச்சம் பட்டு அது பந்தாகத் திரள்கிறது. 1921இல் இயற்கை நினைவுச்சின்னமாகவும் 1952இல் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னமாகவும் அறிவிக்கப்பட்ட அப்பந்துகளை அங்கிருந்து எடுக்கக் கூடாது. அலையில்லாத தொட்டியில் நீர் மாற்றும்போதெல்லாம் மாரிமோவைக் கையால் திருப்பி வைத்து, மெதுவாகப் பிழிந்து அழுக்கை நீக்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டரே வளரும் இப்பாசி 25 டிகிரிக்குக் குறைவான நீரையே விரும்புவதால், சென்னையின் கோடைக்கு, குளிர்விப்பான் இல்லாவிடில், நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜாவா மாஸ் 30 டிகிரி வரை தாங்கும். மரக்கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட்டால், சில வாரங்களில் தானே பற்றிக்கொண்டு, இறால்களுக்கு மேய்ச்சலிடமாகவும் மீன்குஞ்சுகளுக்கு மறைவிடமாகவும் அமைகிறது. கத்தரிக்காமல் விட்டால் மட்டும் வடிகட்டியின் வாயை அடைத்துவிடும்.

2021இல் அமெரிக்கக் கடைகளில் விற்பனையான மாரிமோ உருண்டைகளில் நீர்நிலைகளில் வேகமாகப் பரவும் அயலினமான வரிக்குதிரைச் சிப்பிகள் (zebra mussels) கண்டறியப்பட்டன. ஆகவே எதை வாங்கினாலும் தனி வாளியில் சில நாள் வைத்துப் பார்ப்பதும், கத்தரித்த மிச்சத்தை ஏரி குளங்களில் கொட்டாதிருப்பதும் அவசியம்.