டி.ஓ.சி. அளக்கும் கருவி: பல வருடம் ஓட்டிய பிறகு

எண்ணெயும் எரிவாயுவும் உருவாகும் மூலப்பாறையின் மொத்தக் கரிமக் கார்பனை (டி.ஓ.சி.) அளக்க எங்கள் லேபில் ஓடுவது இண்டக்‌ஷன் உலை வைத்த கார்பன் அனலைசர். கருவியைப் பொறுத்தவரை பெரிதாகக் குறை சொல்ல எதுவும் இல்லை. இரும்புத் துருவலும் டங்ஸ்டனும் போட்டு ஆக்சிஜனில் எரித்தால், கிளம்பும் கார்பன் டை ஆக்சைடை அகச்சிவப்பு செல் அளந்துவிடும். ஒரே மாதிரியைத் திரும்ப ஓட்டினாலும் எண் பெரிதாக அசையாது.

வேலை முழுக்க அதற்கு முன்னால்தான். கார்பன் கெரோஜெனிலிருந்து (பாறையில் உள்ள கரிமப்பொருள்) வந்ததா கால்சைட்டிலிருந்து (சுண்ணாம்புக் கனிமம்) வந்ததா என்று அந்த செல்லுக்குத் தெரியாது. கால்சைட்டின் எடையில் 12 சதவீதம் கார்பன். அதனால் எரிப்பதற்கு முன் அதை அமிலத்தில் கரைத்து நீக்க வேண்டும். பாறையில் 5 சதவீதம் கால்சைட் கரையாமல் தங்கினால் கணக்கில் 0.6 சதவீதம் ஏறிவிடும். ஷேலில் (களிமண் இறுகிய பாறை) கரிமக் கார்பன் 0.5 சதவீதம் இருந்தாலே மூலப்பாறையாகுமா என்று பார்க்கத் தொடங்குகிறோம். அப்படியிருக்க இது சின்னப் பிழையா?

ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் கால்சைட் பொங்கி அடங்கிவிடும். நுரை நின்றதை நம்பக் கூடாது. இன்னொரு கார்பனேட் கனிமமான டோலமைட் மெதுவாகத்தான் கரையும். இரும்புக் கார்பனேட்டான சிடரைட் சூடு காட்டினால்தான் அசைந்து கொடுக்கும். அதற்காகக் கொதிக்க விட்டால் கரிமப்பொருளிலும் கொஞ்சம் அமிலத்தோடு போய்விடும், இளம் படிவுகளில் கூடுதலாகவே. மிதமான சூடு, நீண்ட நேரம். எடையை அமிலத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பாதி சுண்ணாம்பாக இருக்கும் பாறையைக் கழுவிய பின் நிறுத்தால் விடை இரட்டிப்பாகும்.

மாதிரி வைக்கும் நுண்துளைக் கிண்ணமான குரூசிபிளைத் தண்ணீர் விட்டு நன்றாக அலசாவிட்டால் மிஞ்சிய குளோரின் வாயுக் குழாய்களை அரிக்கும். ஈரம் உறிஞ்சும் மெக்னீசியம் பெர்குளோரேட்டையும் அடிக்கடி பார்ப்பேன்: பொலபொலவென்று இருந்த மணிகள் கட்டிதட்டினால் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வாயு ஓட்டம் குறைந்து எண்கள் நழுவும்.

பாறைத்தூளைப் படிப்படியாகச் சூடாக்கிப் பார்க்கும் ராக்-இவால் கருவிக்கு அமிலமே தேவையில்லை, எஸ்2-வும் (பாறை இன்னும் தரக்கூடிய எண்ணெய், வாயுவின் அளவு) டிமேக்ஸும் (அது உச்சமாக வெளிவரும் வெப்பநிலை) கூடவே கிடைக்கும். ஆனால் டி.ஓ.சி.-யில் தேறியதை மட்டுமே அங்கே அனுப்புகிறோம். கார்பன் நிறைய இருந்தும், அதிகம் வெந்துபோன பாறையில் எண்ணெய் தரும் பகுதி மிஞ்சியிருக்காது. அதைக் கார்பன் அனலைசர் சொல்லாது.

கட்டிங்ஸ் (கிணறு துளைக்கும்போது மேலே வரும் பாறைத் துகள்கள்) என்றால் இன்னும் கவனம். துளையிடும்போது உள்ளே விடும் சேற்றுத் திரவமான டிரில்லிங் மட்டில் எண்ணெயோ லிக்னைட்டோ சேர்ந்திருந்தால் அதுவும் கார்பன்தான். எண்ணெயைக் கரைப்பான் விட்டு எடுக்கலாம். லிக்னைட் துகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பொறுக்க வேண்டியதுதான். கோர் துண்டு (கிணற்றிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த பாறை) இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.