சாணைக்கல்லின் குழியும் அட்டோமா 140 தகடும்

சவரக்கத்தியின் நுனியும் அடியும் மயிரைச் சுத்தமாக வழிக்க, நடுப்பகுதி மட்டும் தாடையில் இழுத்துப் பிடிக்கத் தொடங்கியபோது நான் முதலில் குறை கண்டது என் கையைத்தான், அடுத்ததாகத் தோல்வாரை. கல்லின்மீது சந்தேகம் வர ஏறக்குறைய ஒரு மாதமாயிற்று. எஃகு அளவுகோலைக் கல்லின் குறுக்கே நிமிர்த்தி வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்ததும், அளவுகோலுக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய வெள்ளைக் கீற்று தெரிந்தது. பைக் பட்டறைகளில் டேப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும், வெவ்வேறு தடிமனுள்ள மெல்லிய தகடுகளின் கொத்தான ஃபீலர் கேஜை அதில் நுழைத்தேன், 0.15 மி.மீ. தகடு தடையில்லாமல் போய் வந்தது.

கல் கிங் 1000 (எண் மணியின் நுண்மையைக் குறிக்கும்; எண் கூடினால் மணி நுண்ணியது). செங்கல் நிறத்தில் இருக்கும் ஜப்பானிய நீர்க்கல். இவ்வகைக் கற்களில் எஃகைத் தேய்க்கும் மணிகளைப் பிணைத்திருக்கும் பொருள் மென்மையானது. தேய்ந்த மணி உதிர்ந்து புது மணி மேலே வருவதால்தான் இவை எஃகை விரைவாக அரிக்கின்றன. அதே காரணத்தால்தான் விரைவாகக் குழியும் விழுகிறது. அந்தக் கல்லிலேயே அரை அங்குல உளியையும் நட்டநடுவில் வைத்துத் தீட்டிக்கொண்டிருந்தேன் என்பதால், பழியைக் கல்லின்மீது போட இயலாது.

சவரக்கத்தி தீட்டுகையில் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்க வேண்டும். தீட்டும் கோணத்தை நிர்ணயிப்பதே முதுகின் தடிமன்தான். கத்தியைக் கல்லின் அகலத்துக்குக் குறுக்கே கிடத்தி நீளவாக்கில் தள்ளுவதால், நீளவாக்கில் இருக்கும் சிறு பள்ளத்தைக் கத்தி பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அகலவாக்கில் பள்ளம் விழுந்தாலோ, கத்தி கல்லின் இரு ஓரங்களிலும் பாலம்போல் தங்கிவிடுகிறது. நுனியும் அடியும் தேய, நடுவாய் கல்லைத் தொடுவதே இல்லை. உளியின் பின்புறத்தை அப்படிப்பட்ட கல்லில் தேய்த்தால் தட்டையாக இருக்க வேண்டிய பரப்பு புடைத்துவிடும். பிறகு அதை மரத்தோடு ஒட்டப் பிடித்துச் செதுக்க முடியாது. இழைப்புளியின் இரும்பு மூலைகளில் தேய்ந்து வாய் வளைந்துபோகும். முதல் இழைப்புக்கென்று வைத்திருக்கும் இழைப்புளிக்கு அந்த வளைவு நல்லதே என்பது வேறு விஷயம்.

கல்லைச் சமமாக்க அட்டோமா 140 என்னும் வைரத் தகட்டை வாங்குவதற்கு முன் மூன்று வழிகளை முயன்றேன். கல்லோடு சேர்த்து விற்கப்பட்ட, மேலே வரிகள் வெட்டிய சமன்கல் முதலாவது. அதன்மேலும் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது அதுவே நடுவில் பள்ளமாக இருந்தது. இரண்டு கற்களை ஒன்றோடொன்று உரசுவது இரண்டாவது. அதில் ஒன்று குழிந்தும் மற்றொன்று புடைத்தும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்திவிடக்கூடும். மூன்று பரப்புகளை மாற்றி மாற்றி இணைத்துத் தேய்த்தால்தான் உண்மையான சமதளம் கிடைக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே ஜோசப் விட்வொர்த் வலியுறுத்திய பட்டறை முறை. தடித்த கண்ணாடிமேல் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டித் தேய்ப்பது மூன்றாவது. இது நன்றாகவே வேலை செய்கிறது; ஆனால் தாள் விரைவில் மழுங்குகிறது, ஓரம் கிளம்பினால் கல்லின் முனை உருண்டுவிடுகிறது.

அட்டோமா தகட்டைச் செய்வது ஜப்பானின் ட்சுபோமான் நிறுவனம். அலுமினியக் கட்டையின்மேல், வைரத்துகள் பதித்த மெல்லிய உலோகத் தாளை ஒட்டியிருக்கிறார்கள். அளவு சுமார் 210 × 75 மி.மீ., ஆகவே என் கல்லைவிடச் சற்று அகலம். வைரம் பரப்பு முழுவதும் இறைந்து கிடக்காமல் கோலப்புள்ளிகள்போல் வரிசை வரிசையாக நிற்கிறது. இதன் பயன் கையில் தெரிகிறது. நுண்கற்கள் சமமாகிவரும்போது தகட்டோடு உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. இங்கே சேறும் நீரும் புள்ளிகளின் இடைவெளி வழியே வெளியேறிவிடுவதால் அந்தப் பிடிப்பு பெருமளவு குறைகிறது.

ஊறிய கல்லின்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தகட்டை வைத்து, அதிகம் அழுத்தாமல் தேய்த்தேன். பத்துத் தேய்ப்பில் ஓரக் கோடுகள் அழிந்தன, நடுவில் உள்ளங்கையளவுக்குக் கோடுகள் அப்படியே நின்றன; குழியின் வரைபடமே அதுதான். இருபது தேய்ப்புக்கு ஒருமுறை தகட்டை முன்பின்னாகத் திருப்பிப் பிடித்தேன். இல்லாவிட்டால் கை பலமாக விழும் பக்கம் கல் சரிந்துவிடும். ஐந்தாறு நிமிடங்களில் கடைசிக் கோடும் கரைந்தது. மறுபடி கோடு போட்டுத் தேய்த்தபோது எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் மறைந்தன. ஃபீலர் கேஜில் இருந்த மிக மெல்லிய தகடுகூட அளவுகோலுக்கு அடியில் நுழையவில்லை. முடிவில் கல்லின் நான்கு விளிம்புகளையும் தகட்டாலேயே லேசாகச் சாய்த்துவிடுவது அவசியம். கூரான விளிம்பு பொரிந்து துணுக்கு உதிர்ந்தால், அது சவரக்கத்தியின் வாயில் பல் போட்டுவிடும்.

சில எச்சரிக்கைகள் உண்டு. புதுத் தகட்டில் சரியாகப் பிடிக்காத வைரமணிகள் சில இருக்கும். அவை கல்லில் பதிந்தால் கத்தியில் ஆழமான கீறல் விழும் என்பதால், முதல் சில தடவை தகட்டைப் பழைய கல் ஒன்றின்மேல் ஓட்டிக் கழுவிவிட வேண்டும். ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் சொரசொரப்பான கார்போரண்டம் (சிலிக்கான் கார்பைடு) கல்லை இதில் தேய்க்கவே கூடாது. வைரத்தைவிடக் கடினமான பொருள் அங்கே ஏதுமில்லை என்று நினைப்பது இயல்புதான். ஆனால் உதிரும் சிலிக்கான் கார்பைடு மணிகள் வைரத்தை விட்டுவிட்டு, அதைப் பிடித்திருக்கும் நிக்கல் பூச்சை அரிக்கின்றன, வைரம் வேரோடு கழன்றுவிடுகிறது. அத்தகைய கல்லுக்குக் கண்ணாடிமேல் சிலிக்கான் கார்பைடு பொடி தூவித் தேய்ப்பதே போதும். 8000 போன்ற நுண்கல்லில் 140இன் கீறல்கள் தங்கிவிடுவதால், சவரக்கத்தியை அதன்மேல் வைப்பதற்கு முன் 600 அல்லது 1200 தகட்டால் மேலாக ஒரு ஓட்டு ஓட்டிவிடுவது நல்லது.

விலை ஒரு நல்ல தீட்டுகல்லின் விலைக்கு நிகரானது. அது உறுத்தாமல் இல்லை. வைரம் மழுங்கினால் மேல்தாளை மட்டும் தனியாக வாங்கி அதே கட்டையில் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் எனக்கு மனம் ஒப்பியது. மாதத்துக்கு ஒருமுறை சமையலறைக் கத்தி மட்டும் தீட்டுபவருக்குக் கண்ணாடியும் வாட்டர் பேப்பருமே தாராளம். சவரக்கத்தியும் இழைப்புளியும் ஒரே கல்லில் ஏறும் வீட்டில் தகடு அலமாரியில் தூங்காது. நான் இப்போது ஒவ்வொரு தடவையும் தீட்டி முடித்ததும் கல் ஈரமாக இருக்கும்போதே பத்துத் தேய்ப்புத் தேய்த்துத்தான் காயவைக்கிறேன்.