வெளிநாடு போகிறீர்களா? இங்கிலாந்து வீட்டின் கவுன்சில் டாக்ஸுக்கு எந்த வழி நல்லது?

வேலைக்காக துபாய்க்கோ, முடியாமல் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள யாழ்ப்பாணத்துக்கோ ஒன்றிரண்டு வருடம் போகிறவர்கள் விசா, டிக்கெட் எல்லாம் பார்ப்பார்கள். வீட்டுக்கு உள்ளாட்சி (கவுன்சில்) ஆண்டுதோறும் வாங்கும் கவுன்சில் டாக்ஸ் என்ற வரியை மட்டும் கடைசியில்தான் நினைப்பார்கள். ஆண்டு பில் 2,000 பவுண்ட் என்று வைத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் வழிகளைப் பார்ப்போம். இவை இங்கிலாந்து விதிகள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் மாறும்.

கணவர் போகிறார், மனைவி வீட்டில் இருக்கிறார். 'இனி நான் ஒருத்திதானே, 25 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும்' என்றுதான் பலரும் நம்புகிறார்கள். கிடைத்தால் 500 பவுண்ட் மிச்சம். ஆனால் கவுன்சில் பார்ப்பது அவர் எத்தனை நாள் வீட்டில் தூங்கினார் என்பதை மட்டுமல்ல, அவருடைய முதன்மை வீடு எது என்பதையும்தான். குடும்பம் இங்கே, சொந்த வீடு இங்கே, வேலை முடிந்தால் திரும்பி வருவதும் இங்கே என்றால், அவர் இன்னும் இந்த வீட்டில் குடியிருப்பவர்தான், தள்ளுபடி இல்லை என்று கவுன்சில் சொல்லிவிடலாம். சவூதியில் வேலை பார்த்துக்கொண்டு விடுமுறைக்கு மட்டும் ஹல் நகரத்துக்கு வந்துபோன ஒருவருக்கு, 1990களின் தொடக்கத்தில் நீதிமன்றம் சொன்னதும் இதுதான். விசாவுக்காக ஊரில் காத்திருக்கும், இங்கே ஒருநாளும் குடியிருக்காத துணையின் கதை வேறு. அங்கே தள்ளுபடி தாராளமாகப் பொருந்தும். பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்த அம்மாவாலும் பொதுவாகத் தள்ளுபடி போகாது, அவர் வீடு ஊரில்தானே. ஆனால் நிலைமை மாறித் தள்ளுபடிக்கான தகுதி போய்விட்டால் 21 நாளுக்குள் சொல்ல வேண்டும். தவறினால் 70 பவுண்ட் அபராதம் வரலாம்.

குடும்பத்தோடு போய், வீட்டைச் சாமான்களோடு பூட்டி வைப்பதுதான் எனக்குப் பிடிக்காத வழி. 2025 ஏப்ரலிலிருந்து, யாருக்கும் முதன்மை வீடாக இல்லாத இத்தகைய வீட்டுக்குக் கவுன்சில் விரும்பினால் இரட்டிப்பு வரி போடலாம். 2,000 பவுண்ட் 4,000 ஆகும். சாமான்களைக் காலி செய்தாலும் ஒரு வருடம் தாண்டினால் அதே கதிதான். விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் செய்திருந்தால், இந்த இரட்டிப்பிலிருந்து கொஞ்சகாலம் விலக்கு உண்டு.

முழு வீட்டையும் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் வரி அவர்கள் தலையில். அறை அறையாக விட்டால் திரும்ப உங்கள் தலையில். அப்புறம், நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால், பிரிட்டன் வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்காவிட்டால் ஏஜென்ட் வாடகையில் 20 சதவீதம் பிடித்துக் கட்டுவார்.

முதுமையாலோ நோயாலோ பராமரிப்புத் தேவைப்படும் ஒருவரைக் கவனிக்க வேறிடம் போய்த் தங்கினால், ஆளில்லாமல் விட்ட வீட்டுக்கு முழு விலக்கு உண்டு. 'ஜே வகுப்பு' என்பார்கள். மற்றவர்கள் யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது; சாமான்கள் இருக்கலாம். அந்த வேறிடம் பிரிட்டனுக்குள்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அம்மாவுக்காகப் போகிறவர் 500 பவுண்டுக்கு வாதாடுவதைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். டாக்டர் கடிதத்தையும், அங்கே தங்கியிருப்பதற்கான ஆதாரத்தையும் கையோடு எடுத்து வையுங்கள். கவுன்சில் மறுத்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இந்த வரித் தகராறுகளை விசாரிக்கும் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு (Valuation Tribunal) போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.