துணி மூட்டையா, பாட்டிலா, அடுக்கு டப்பாவா: வீட்டில் பயறு முளைகட்ட எது தோது?

பயறு முளைகட்ட ஒரு வெள்ளைத் துணி போதும் என்று ஒரு கட்சி. கண்ணாடிப் பாட்டிலும் வாயில் கட்ட வலையும் இருந்தால்தான் சுத்தம் என்று இன்னொரு கட்சி. இரண்டும் தொல்லை, கடையில் விற்கும் அடுக்கு டப்பாவை வாங்கிவிடலாம் என்பது மூன்றாவது. ஹாட்பாக்ஸ்காரர்கள் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் ஊட்டிப் பக்கம் போனால் அவர்களை அசைக்க முடியாது.

நான்கிலும் முளை வரும். விதைக்கு வேண்டியது ஈரம், காற்று, கதகதப்பு. வேறொன்றும் அது கேட்பதில்லை. நம் ஊரில் கதகதப்புக்குப் பஞ்சம் கிடையாது, சிக்கலே அது அளவுக்கு மீறிப் போவதுதான். முளைக்கும் பயறு மூச்சு விடுகிறது, அப்போது அதுவும் கொஞ்சம் சூட்டை வெளியிடுகிறது. குவியலாகக் கிடந்தால் அந்தச் சூடு நடுவில் தங்கிவிடும். மேலே வெள்ளை முளை அழகாகத் தெரியும், உள்ளே கை விட்டால் வெதுவெதுப்பும் ஊளை வாடையும். ஆகவே எந்தப் பாத்திரம் சீக்கிரம் முளைக்க வைக்கிறது என்று பார்க்காமல், எது சூட்டை வெளியே விடுகிறது என்று பார்த்துத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன்.

எதில் கட்டினாலும் ஊறவைப்பது ஒன்றுதான். பச்சைப்பயறு என்றால் இரவு ஊறப்போட்டுக் காலையில் வடிப்பது வழக்கம். சித்திரை, வைகாசியில் ஆறு மணி நேரமே தாராளம், அதற்கு மேல் போனால் தண்ணீர் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், "சத்து போய்விடுமே" என்று குழம்பில் ஊற்ற வேண்டாம். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கு அதோடு கழிகிறது. ஊறாமல் கல் மாதிரியே கிடக்கும் ஒன்றிரண்டு பயறுகளையும் இப்போதே பொறுக்கிவிட வேண்டும். அவை கடைசிவரை முளைக்காது, வேகாது, பல்லைத்தான் பதம் பார்க்கும்.

துணிக்கே என் ஓட்டு, ஆனால் நிபந்தனையோடு. நனைந்த பருத்தித் துணியிலிருந்து ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிர்கிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல. கோடையில் இந்த ஒரு குணத்துக்கு வேறு எந்தப் பாத்திரமும் ஈடில்லை. பலர் செய்வது என்னவென்றால், பயறை இறுக்கி மூட்டை கட்டி, அதை ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு மூடியும் விடுகிறார்கள். ஆவியாக வழியில்லாத துணியால் என்ன பயன்? வடிகூடையில் ஈரத்துணியை விரித்து, பயறை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, துணியின் மீதியை மேலே மூடி, அடியில் ஒரு தட்டு வைத்தால் வேலை முடிந்தது. காலையும் மாலையும் துணியோடு குழாயடியில் காட்டி நன்றாக வடியவிட வேண்டும். பச்சைப்பயறு மறுநாளே அரை அங்குல முளையோடு நிற்கும்.

துணியின் குறையையும் சொல்ல வேண்டும். வேர் நெசவுக்குள் புகுந்துகொள்ளும், உதறினாலும் வராது. வாஷிங் மெஷினில் மற்றத் துணிகளோடு போட்டால் சோப்பு வாசனை அடுத்த தடவை முளையில் ஏறும். இதற்கென்றே பழைய மல் வேட்டியில் ஒரு முழம் கிழித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைப்பவர்களுக்கு மட்டுமே துணி சரிப்படும். அது முடியாது என்பவர்கள் பாட்டில் பக்கம் போகலாம்.

பாட்டிலில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கை படாமலே அலசலாம். பயறு கால் பாட்டிலுக்கு மேல் போகக் கூடாது, முளைத்தால் இரண்டு மூன்று மடங்காகும். வலைகட்டிய வாய் கீழே இருக்கும்படி சாய்த்து நிறுத்த வேண்டும். முழுக்கக் கவிழ்த்தால் பயறே வாயை அடைத்துவிடும், நேராக நிறுத்தினால் அடியில் தண்ணீர் தேங்கி அழுகும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் மே மாதம் நாளுக்கு மூன்று நான்கு முறையாவது அலச வேண்டியிருக்கும், கண்ணாடி சூட்டை விடாது. காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரவு திரும்புகிறவர்களுக்கு இது ஒத்துவராது. ஒரே ஒரு விஷயத்தில் பாட்டில் துணியைத் தோற்கடிக்கிறது: வெந்தயம். ஊறினால் கொழகொழவென்று ஆகும் வெந்தயத்தைத் துணியில் போட்டால் பிரித்தெடுக்கவே தனி நேரம் ஒதுக்க வேண்டும். பாட்டிலில் நாலைந்து முறை அலசினால் கொழகொழப்பு போய்விடும்.

அடுக்கு டப்பா பார்க்க அழகு. மேல் தட்டில் பயறு, நடுவில் கொண்டைக்கடலை, கீழே கொள்ளு என்று ஒரே நேரத்தில் போடலாம், அவ்வளவுதான் அதன் பெருமை. துளைகளில் வேர் மாட்டிக்கொண்டால் பிரஷ் வைத்துத் தேய்க்காமல் போகாது, தேய்க்காவிட்டால் அடுத்த முறை முதல் நாளே வாடை வரும். வாங்கத் தேவையில்லை. யாராவது பரிசாகக் கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம்.

ஹாட்பாக்ஸ் குளிர் ஊர்களுக்கு. மலையிலும், பெங்களூரின் மார்கழி இரவிலும் முளை வரத் தயங்கும்போது, ஈரத்துணியில் சுற்றிய பயறை அதில் வைத்தால் தன் சூட்டிலேயே முளைத்துவிடும். அதே பாத்திரத்தில் மதுரையில் ஏப்ரல் மாதம் வைத்தால் புளித்த மாவு வாடைதான் மிச்சம்.

என்ன பயறு என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. முதல் தடவை கட்டுகிறவர்களுக்குப் பச்சைப்பயறு. கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு நாள் கூடுதலாக எடுக்கும். வெள்ளைக் கடலை சீக்கிரம் கெடும், நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கொள்ளுக்குத் தோல் கடினம், பன்னிரண்டு மணி நேரம் ஊற வேண்டும், ஆனால் முளைகட்டிய கொள்ளில் ரசமோ துவையலோ வைத்தால் அந்தக் காத்திருப்புக்குத் தகும். ராஜ்மாவை முளைகட்டிப் பச்சையாகத் தின்னவே கூடாது. அதில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் கொதிக்க வைத்தால்தான் அழியும். இன்னொன்று: நன்றாக முளைக்கும் என்று நினைத்து விதைக்கடையில் விதைப்பயறு வாங்காதீர்கள். அது விதைப்பதற்காகப் பூஞ்சைக்கொல்லி தடவிய சரக்காக இருக்கும். மளிகைக்கடைப் பயறு போதும், பழைய இருப்பாக இல்லாவிட்டால்.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பயற்றுமுளை என்றால் நினைவுக்கு வருவது தௌகே, அதாவது விரல் நீளத்துக்கு வளர்ந்த வெள்ளைத் தண்டு. ஈப்போவில் கோழியோடு பரிமாறும் குட்டையான, பருத்த தௌகேவுக்குத் தனிப் புகழே உண்டு. அதுவும் பச்சைப்பயறுதான், ஆனால் இருட்டில் பல நாள் வளர்த்தது. வெளிச்சம் படாததால் பச்சையம் உண்டாகாது. நம் முளைப்பாரி வெளிறிய மஞ்சளாக இருப்பதற்கும் இதுவே காரணம். தௌகேவை வீட்டில் செய்ய அழுத்தம் கொடுக்கும் கனம், இடைவிடாத தண்ணீர் எல்லாம் வேண்டும். நமக்குக் குட்டை முளையே லாபம்.

எந்தச் சத்தில் லாபம்? "முளைகட்டினால் புரதம் கூடும்" என்பது பாதி உண்மைகூட இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் 100 கிராம் காய்ந்த பச்சைப்பயறில் புரதம் ஏறக்குறைய 24 கிராம், நீளமாக வளர்ந்த முளையில் 3 கிராம். புரதம் எங்கும் ஓடவில்லை, முளையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். குட்டை முளையில் தண்ணீர் குறைவு, அதனால் ஒரு கிண்ணத்துக்குப் புரதம் அதிகம். முளை உண்மையில் செய்வது வேறு: இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது, வாயுச் சர்க்கரைகள் குறைகின்றன, வைட்டமின் சி கூடுகிறது.

பச்சையாகத் தின்பதா, ஆவியில் வேகவைப்பதா என்ற சண்டையில் எல்லாரும் கையில் எடுப்பது இந்த வைட்டமின் சி-யைத்தான். அதே பட்டியலில் 100 கிராம் பச்சை முளையில் அது சுமார் 13 மில்லிகிராம், வேகவைத்ததில் 11. இழப்பு இவ்வளவுதான். ஒரு கொய்யாப் பழத் துண்டில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். இந்த இரண்டு மில்லிகிராமுக்காகப் பச்சையாகத் தின்பதில் எனக்குச் சம்மதமில்லை.

காரணம், முளைக்குப் பிடித்த அதே ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் பிடிக்கும். 2011-இல் ஜெர்மனியில் இ-கோலி என்ற குடல் பாக்டீரியாவின் ஒரு கொடிய வகை பரவியது. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி போட்டார்கள். விசாரணை கடைசியில் போய் நின்றது லோயர் சாக்சனியில் ஒரு முளைப்பயிர்ப் பண்ணையிலும், எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையிலும். ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், ஏறத்தாழ நாலாயிரம் பேர் நோயுற்றார்கள். அது சுத்தமில்லாத பண்ணையின் கதை, நம் வீட்டில் அப்படி வராது என்று தேற்றிக்கொள்ள முடியாது. கிருமி விதையின் வெடிப்புகளில் ஒட்டிக்கொண்டே வரலாம். நம் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், மஞ்சள்தூள் நீரில் அலசினாலும் அது முழுதாகப் போய்விடும் என்று நம்ப முடியாது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை முளையைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்வது வீட்டில் வளர்த்ததற்கும் சேர்த்துத்தான்.

இட்லிப்பானையில் தண்ணீர் கொதித்த பிறகு தட்டில் முளையைப் பரப்பி ஐந்து நிமிடம் போதும், கறுக்கென்ற கடி அப்படியே இருக்கும். கொண்டைக்கடலைக்கும் கொள்ளுக்கும் குக்கர்தான் சரி. எலுமிச்சையை அடுப்பை அணைத்து ஆறிய பிறகு பிழியுங்கள். இழந்த வைட்டமின் சி திரும்பக் கிடைக்கும், பயறின் இரும்பும் உடலில் நன்றாகச் சேரும். பச்சைமிளகாய், துருவிய தேங்காய், கடுகு தாளிப்பு என்றால் சுண்டல். வெங்காயம், வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டால் சாலட் பிரியர்களுக்கும் குறையில்லை.

அதிகமாக முளைகட்டிவிட்டால், ஈரம் போக உலர்த்தி மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குக் குழம்பில் போட்டு நன்றாகக் கொதிக்க விடுங்கள். விரலில் பிசுபிசுத்தாலோ வாடை அடித்தாலோ கொதிக்க வைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், செடித் தொட்டிக்கு உரமாகப் போட்டுவிடலாம்.