வெங்காய உரியா, ஐதரில்லா இலையா?

தாவரக் கலத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்க வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் பெரிய வெங்காயமே போதும். உட்புற உரியை மெல்லப் பிரித்து ஒரு சொட்டு அயடீன் விட்டால் கலச்சுவரும், மஞ்சள் கபில நிறத்தில் கருவும் பளிச்சென்று தெரியும். நடுவில் பெரும்பகுதி புன்வெற்றிடம், அதாவது கலச்சாறு நிறைந்த பை. அதனால்தான் கரு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். ஒளித்தொகுப்பு நடத்தும் பச்சை நிறப் பச்சையவுருமணி மட்டும் இராது. வெயில் படாத குமிழுக்கு அது எதற்கு?

ஐதரில்லா என்ற நீர்ச்செடி மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும். இலை இரண்டே கலப்படைத் தடிப்பு, சாயமே வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் வைத்திருங்கள்: பச்சையவுருமணிகள், கலத்துக்குள் இருக்கும் கூழ் போன்ற குழியவுருவோடு சேர்ந்து சுவரோரமாகச் சுற்றி ஓடும். கரு அவற்றுக்கிடையே மறைந்துவிடும், சரி. ஆனாலும் ஒளித்தொகுப்பு நடக்கும் இடத்தையே நேரில் பார்க்கிறோமே, என் வாக்கு இதற்குத்தான். கலத்துக்குச் சக்தி தரும் நுண்ணிய இழைமணியை எதிர்பார்க்காதீர்கள், சாதாரண பாடசாலைக் கருவிக்கு இரண்டிலும் அது எட்டாது.