கோல்ஃப் ஸ்விங் சென்சார் வாங்கப் போகிறீர்களா? 38,500 ரூபாய் ஏமாந்தவள் எழுதுகிறேன்

இன்று மதியம்தான் கடைக்காரர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை வைத்தார். கை இன்னும் நடுங்குகிறது. ஆறிப்போன பிறகு எழுதினால் பாதி விட்டுப்போகும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். போனது முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். மகளுக்காகச் சீட்டு கட்டி எடுத்த பணம்.

மகளுக்கு 13 வயது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிதி அசோக் நான்காம் இடத்தில் முடித்தாரே, அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு கோல்ஃப்தான். அதிதிக்கு கேடியாக, அதாவது கோல்ஃப் பையைச் சுமந்துகொண்டு, கூட நடந்தது அவருடைய அம்மா என்று தெரிந்ததும் எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. ஆனால் ரேஞ்சுக்கு, அதாவது பந்தடித்துப் பழகும் மைதானத்துக்கு, கூட்டிப்போக முடிவது வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற நாள் மொட்டை மாடியில் வலை கட்டி அடிக்கிறாள். சரியாக அடித்தாளா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அதற்காகத்தான் அடித்த உடனே தப்பைச் சொல்லும் கருவி ஒன்றைத் தேடினேன்.

சென்னையில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடை. உள்ளேயே வலை கட்டி, பந்துக்குப் பின்னால் தரையில் ஒரு ரேடார் பெட்டி வைத்திருந்தார்கள். மகள் செவன் அயர்ன் என்ற கிளப்பில் (கோல்ஃப் மட்டை) நாலு பந்து அடித்தாள். டேப்லெட் திரையில் உடனே வேகம், தூரம், கோணம் எல்லாம் வந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "பாப்பா, கிளப்பைக் கீழே இறக்கும்போது அவசரப்படுறம்மா" என்றார். எங்கள் கோச் சார் மூன்று மாதமாகச் சொல்வதும் இதையேதான்! அந்த இடத்தில் நான் விழுந்துவிட்டேன். விஷயம் தெரிந்த மனுஷர் என்று நினைத்தேன்.

"இந்தப் பெரிய பெட்டி வீட்டுக்கு எதுக்கு அக்கா? இதுலயே சின்ன மாடல் இருக்கு, உள்ள இருக்கிறது அதே டெக்னாலஜிதான். என் பொண்ணுக்கு வாங்கினாலும் இதைத்தான் வாங்குவேன்" என்று சீல் வைத்த ஒரு டப்பாவை எடுத்தார். 40,500 சொன்னார். பில் வேண்டாமென்றால் இரண்டாயிரம் குறைப்பதாகச் சொன்னார். ஜிபேயில் 38,500 அனுப்பினேன். டப்பாவை அங்கேயே பிரித்துப் பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் பிரித்தால், கிளப்பின் பிடியில் மாட்டும் கட்டைவிரல் அளவு சென்சார். நன்றாக அடித்தால் பச்சை விளக்கு, இல்லையென்றால் பீப் சத்தம். மகளுக்கு ஒரே குஷி. ஆறு வாரம் அந்தப் பச்சைக்காகவே அடித்தாள். கையை இன்னும் வேகமாகச் சுழற்றினால் பச்சை எரியும் என்று கண்டுபிடித்துக்கொண்டாள், பாவம். ரேஞ்சில் பந்து வலப்பக்கமாகவே ஓட ஆரம்பித்தது.

கோச் சார் ஆப்பை வாங்கிப் பார்த்தார். செவன் அயர்னுக்கு ஸ்மாஷ் ஃபேக்டர் 1.6 என்று காட்டியது. பந்தின் வேகத்தைக் கிளப் தலையின் வேகத்தால் வகுத்தால் வரும் எண் அது. "அதிக தூரம் அடிக்கும் டிரைவர் கிளப்பிலேயே 1.5-தான் ஏறக்குறைய எல்லை. செவன் அயர்னில் நல்ல அடிக்கே 1.3 சொச்சம்தான் வரும். இது எங்கிருந்து வந்தது?" என்றார். அப்புறம் பந்தே இல்லாமல் மகளை வெறுமனே வீசச் சொன்னார். ஆப் 145 யார்டு என்றது. இல்லாத பந்து 145 யார்டு போயிருக்கிறது!

இந்த ரகத்தில் இருப்பது நம் ஃபோனில் உள்ளதைப் போன்ற அசைவு சென்சார் என்று அவர் விளக்கினார். கிளப்பை மேலே தூக்க எவ்வளவு நேரம், கீழே இறக்க எவ்வளவு நேரம், கை எப்படித் திரும்பியது என்பதை அது ஓரளவு சொல்லும். பந்து அதற்குத் தெரியாது. பந்தைப் பார்ப்பது ரேடாரும் கேமராவும்தான். ஆக, கடையில் எனக்குக் காட்டியது ஒன்று, கையில் கொடுத்தது வேறு.

கடைக்கு ஃபோன் செய்தேன். முதல் நாள் ஃபுல் சார்ஜ் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அடுத்த வாரம் ஆப் அப்டேட் வரும் என்றார்கள். பிறகு கம்பெனிக்கு மெயில் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். பிறகு ஓனர் ஊரில் இல்லை. இன்று அதே மனுஷரே எடுத்தார். "சீல் பிரிச்ச பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம். பாப்பாவுக்கு இன்னும் அடிக்க வரலை, மெஷின் என்ன பண்ணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு குழந்தையைக் குறை சொல்கிறார். மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். கடையில் எதை ஓட்டிக் காட்டினார்களோ அதே மாடல்தானா என்று டப்பாவை அங்கேயே பிரித்துப் பாருங்கள். தூரம் காட்டினால், பந்தை எதை வைத்து அளக்கிறது என்று கேளுங்கள். இரண்டாயிரத்துக்கு ஆசைப்பட்டு பில்லை விடாதீர்கள். கோச்சைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். பில் இல்லாததால் ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் எடுத்து வைத்திருக்கிறேன். புகார் போய்க்கொண்டிருப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. பிடியில் மாட்டும் சென்சார் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், இன்றே பந்து இல்லாமல் ஒருமுறை வீசி, அது எத்தனை யார்டு காட்டுகிறது என்று பாருங்கள்.